கம்பளத்துக்கு அடியில் நான் தள்ளியவை

டென்மார்க்கில் என் வயதுத் தமிழர் எவரைக் கேட்டாலும் 'தமிழர் வழக்கு' பற்றிச் சொல்வார்கள். 1987 செப்டம்பரில் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போட வைத்தார். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் உரிமையை 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் எங்களுக்குத் தந்திருந்தது. அதைப் பறிக்க அமைச்சருக்கு அதிகாரம் இல்லை. 1987 ஜூலையில்தான் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. சண்டை ஓய்ந்துவிட்டது, இனி இவர்கள் ஊருக்குத் திரும்பலாம் என்று கொப்பன்ஹேகனில் கணக்குப் போட்டார்கள். ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை வெடித்தது. தீபாவளி நாளில் யாழ் பெரியாஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டொக்டர்மாரும் தாதிமாரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் கோப்புகள் அசையவில்லை.

1989இல் விஷயம் வெளியே வந்தது. ஏப்ரல் 25ஆம் திகதி பிரதமர் பௌல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். உச்ச நீதிமன்ற நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெத் தலைமையில் விசாரணை நடந்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கை வந்த 1993 ஜனவரி 14ஆம் திகதியே ஸ்லூட்டர் பதவி விலகுவதாக அறிவித்தார். பத்து வருடம் ஆண்ட அரசாங்கம் எங்கள் கோப்புகளால் விழுந்தது. 1995 ஜூனில் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்து, நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது.

இந்தக் கதையை நான் பிறந்தநாள் வீடுகளிலும் செத்தவீடுகளிலும் தொழிற்சாலைச் சாப்பாட்டறையிலும் வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்தேன். திகதி பிசகாமல் சொல்வேன். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். அதில் நான் எப்போதும் விட்டுவிட்ட பகுதி ஒன்று இருக்கிறது. என் மனைவியை யாழ்ப்பாணத்தில் காக்கவைத்தது டென்மார்க் அரசாங்கம். பட்டினி போட்டது நான்.

நான் 1985இல் கிழக்கு ஜெர்மனி வழியாக டென்மார்க்குக்கு வந்தேன். மனைவி அப்போது கர்ப்பம். மகள் பிறந்த செய்தி அகதி முகாமுக்குக் கடிதத்தில் வந்தது. 1987இல் எனக்கு யூட்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, சம்பளமும் குறைவில்லை. அந்த ஒக்ரோபரில் நல்லூர்க் கோயிலுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு என் மனைவியும் அங்கே இருந்தார். அதே மாதச் சம்பளத்தில் நான் அவருக்கு ஒரு சதமும் அனுப்பவில்லை. அடுத்த மாதமும் அனுப்பவில்லை. இடையிடையே கொஞ்சம் போனது. பெரும்பகுதி போத்தலுக்குப் போனது.

நோர்வேயிலும் சுவீடனிலும் கடுமையான மது வகைகளை விற்க அரசாங்கக் கடை தனியாக உண்டு. டென்மார்க்கில் பாலும் பாணும் வாங்கும் கடையிலேயே எல்லாம் இருக்கும். பியர் முப்பது போத்தல் கொண்ட பிளாஸ்டிக் பெட்டியாகவே வரும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் டேனிஷ்காரர்கள் ஒன்றிரண்டு குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் ஒரு பெட்டியோடு அறைக்குப் போவேன். குளிர், தனிமை, ஊரில் சண்டை, அமைச்சரின் அநியாயம் என்று எனக்குக் காரணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் என்னோடு ஒரே அறையில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட நான்கு பேருக்கும் அதே குளிர், அதே சண்டை, அதே அமைச்சர். அவர்கள் மாதம் தவறாமல் வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள்.

மனைவிக்கு என்ன எழுதினேன்? அரசாங்கம் எங்களை நெருக்குகிறது, கையில் காசு மிஞ்சுவதில்லை என்று எழுதினேன். விண்ணப்பத்தை நிறுத்தியவர்கள் காசையும் நிறுத்திவிட்டார்கள் என்று அவர் விளங்கிக்கொள்ளும்படி எழுதினேன். அவர் தாலிக்கொடியை விற்றார். சொந்தக்காரர்களுக்கு நான் வேறு மாதிரி எழுதினேன். மாதாமாதம் அனுப்புகிறேன் என்று அவர்களுக்குச் சொன்னேன். வெளிநாட்டில் உழைப்பவன் மனைவிக்கு அனுப்பவில்லை என்ற பேர் எனக்கு வரக்கூடாது. ஆகவே ஊரில் கணக்கு இப்படி முடிந்தது: அவன் அனுப்புகிறான், இவள் செலவழிக்கத் தெரியாமல் அழிக்கிறாள், கடைசியில் தாலிக்கொடியையும் விற்றுவிட்டாள். அவருடைய தாயே அதை நம்பினார்.

1989இல் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். என் மகளை நான் முதல்முதலாகத் தூக்கியபோது என் வாயில் பியர் மணந்தது.

பிறகு வந்த வருடங்களைச் சுருக்கிச் சொல்கிறேன், மறைத்துச் சொல்லவில்லை. மனைவிக்குக் கை நீட்டினேன். ஒருமுறை அல்ல. 'வெறியில் நடந்தது' என்று எழுதக் கை வருகிறது, எழுத மாட்டேன். அதே வெறியில் நான் ஃபோர்மனுக்குக் கை நீட்டியதில்லை. பொலிஸ்காரருக்கு நீட்டியதில்லை. யாரை அடித்தால் வேலை போகும், யாரை அடித்தால் உள்ளே போகவேண்டிவரும் என்பது எந்த வெறியிலும் எனக்குத் தெரிந்திருந்தது. அடித்தால் வெளியே சொல்லமாட்டார் என்று தெரிந்தவரைத்தான் அடித்தேன்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டில் டேனிஷ் நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். டொக்டரிடம், வங்கியில், கொமூன் எனும் நகரசபையில் எங்களுக்கு மொழிபெயர்த்தது அவள். அகதிக் குடும்பங்களில் இது நடப்பதுதான். ஆனால் நான் அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் எழும்ப முடியாமல் கிடந்தால், அவள்தான் தொழிற்சாலைக்கு ரெலிபோன் எடுத்து அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லவேண்டும். பாடசாலைக்கு வெளிக்கிட்டு, பையை முதுகில் மாட்டியபடி, ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்வாள். மறுமுனையில் என்ன கேட்டார்களோ, சிலவேளை கூடுதலாக ஒரு பொய்யும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கும். அப்போது திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

நான் தீங்கு செய்த மூன்றாவது ஆள் என் அறை நண்பர். தாயின் கண் சத்திரசிகிச்சைக்கென்று சேர்த்த காசை, ஊருக்குக் காசு சேர்ப்பிக்கும் உண்டியல்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் தந்தார். நான் கொடுக்கவில்லை, குடித்தேன். ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை என்று கேட்டபோது, உண்டியல்காரர்தான் காசைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார் போல என்றேன். நேர்மையாகத் தொழில் செய்த அந்த மனிதரைப் பற்றி எங்கள் பகுதியில் கதை பரவியது. அந்தத் தாய் ஒரு வருடத்துக்கு மேல் பார்வை மங்கலோடு இருந்தார்.

நான் சிகிச்சைக்குப் போனது நல்லவனாகி அல்ல. ஈரல் வீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு பயந்து போனேன். 2007ஆம் ஆண்டின் நிர்வாகச் சீர்திருத்தத்தின் பின் டென்மார்க்கில் குடிநோய்ச் சிகிச்சை கொமூன்களின் பொறுப்பு. கேட்ட 14 நாட்களுக்குள் தொடங்கவேண்டும் என்பது சட்டம். காசு கட்டத் தேவையில்லை. பெயர் சொல்லாமலும் போகலாம். எனக்கு அன்டபூஸ் தந்தார்கள். அந்த மருந்தின் குணத்தைக் கண்டுபிடித்ததே கொப்பன்ஹேகனில்தான். யென்ஸ் ஹால்ட், எரிக் யாகொப்சன் என்ற இருவர் 1940களில் குடற்புழுவுக்கு உதவுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கியிருந்தார்கள். அதன்மேல் மது பட்டதும் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, குமட்டியது. 1948இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். கிளினிக்கில் தாதி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தருவார். வெண்மையாகக் கலங்கிய தண்ணீரை நான் குடித்து கிளாஸை வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் நான் தப்பியிருக்கமாட்டேன்.

ஆனால் மருந்து குடியைத்தான் நிறுத்தும். குடிக்காத மனிதனாக நான் வீட்டுக்கு வந்தபோது, நான் செய்ததெல்லாம் அங்கேயே இருந்தது. இனிமேல் நல்லபடி நடப்பதே போதும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களும் அப்படித்தான் சொன்னார்கள்: விட்டுவிட்டான், பழசைக் கிளறவேண்டாம்.

எனக்குப் பொறுக்காமல் ஓர் இரவு மனைவியின் காலில் விழுந்து அழுதேன். மன்னித்துவிடும் என்று கதறினேன். அவர் பயந்துபோனார். நான் மறுபடி குடிக்கப் போய்விடுவேனோ என்று விடியும்வரை என் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அடுத்த நாள் அவர் வேலைக்குத் தூங்காமல் போனார். நான் நெஞ்சு லேசாகித் தூங்கினேன். அந்தக் கோடையில் கோயில் திருவிழாவில் காவடியும் எடுத்தேன். சாமியிடம் கணக்குத் தீர்ந்தது என்று நம்பினேன். சாமிக்கு நான் ஒரு சதமும் கடன்பட்டிருக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கடன் பட்டது இந்த மனுசியிடம்.

சரியான வழியைக் காட்டியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவில் இருந்த வயதான டேனிஷ்காரர் ஒருவர். அந்த அமைப்பின் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தான் தீங்கு செய்தவர்களைப் பட்டியலிடுவது. ஒன்பதாவது, அவர்களிடம் நேரில் போய் ஈடுசெய்வது, அப்படிப் போவது அவர்களுக்கோ வேறு எவருக்குமோ தீங்காக முடியாவிட்டால். அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டொக்டர் பாப் ஸ்மித் 1935 ஜூன் 10ஆம் திகதி கடைசியாகக் குடித்தார். அன்றே அமெரிக்காவின் அக்ரன் நகரத்தைச் சுற்றி, யாருக்கெல்லாம் முகம் கொடுக்க அஞ்சினாரோ அவர்களிடம் போனார். இதை எனக்குச் சொல்லிவிட்டு அந்த முதியவர் கேட்டார்: "உன் மனைவி எதைத் திருப்பிக் கேட்கிறார்?" எனக்குத் தெரியவில்லை. நான் அவரிடம் கேட்டதே இல்லை.

ஒன்பதாவது படியின் அந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு நான் வெகுகாலம் ஒளிந்திருந்தேன். காசு விஷயத்தைச் சொன்னால் அவர் மனம் உடையும், ஆகவே சொல்லாமல் இருப்பதே அவருக்கு நல்லது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆனால் மௌனத்தால் காப்பாற்றப்பட்டது யார் என்று பார்த்தால், நான்தான். அவர் இன்னும் சொந்தக்காரர் நடுவே ஊதாரி என்ற பேரோடு இருந்தார்.

ஒருநாள் பகலில், அழாமல், மேசைக்கு முன்னால் இருந்து சொன்னேன். எந்த வருடம் எவ்வளவு உழைத்தேன், எவ்வளவு அனுப்பினேன், என்ன பொய் எழுதினேன் என்று. அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கவில்லை. உண்மையாகவே அரசாங்கம்தான் காரணம் என்று நம்பியிருந்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த மந்திரியைக் கோட்டிலே ஏத்தினவங்கள். உங்களை ஆர் ஏத்திறது?"

நான் புதிதாகத் தாலிக்கொடி செய்து தருகிறேன் என்றேன். "பவுன் எனக்கு வேண்டாம். நான் அழிக்கேல்லை எண்டு அண்ணாவுக்குச் சொல்லுங்கோ. நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்திலை இருந்து கேக்கவேணும்."

கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொன்னேன். நான் நிறுத்தியதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "அம்மா இதைக் கேக்காமலே போயிட்டா." என் மனைவி எழும்பி அறைக்குள் போனார். அந்த இடத்துக்கு என்னிடம் ஈடு இல்லை. தன் மகள் பொறுப்பில்லாதவள் என்ற நினைப்போடு ஒரு தாய் கண்மூடினார். அதை இனி எவராலும் திருத்த முடியாது. அந்த மாதமே மனைவி தனி வீடு எடுத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொன்னால் உறவு கூடிவரும் என்று கதைகளில் வரும். எனக்கு அப்படி வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அது அவருக்குச் சேரவேண்டிய உண்மை என்பதால். அது எனக்கு என்ன தரும் என்பது அதில் சேராது.

மகள் இருபது வயதில் டூபாவுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். குடிகாரர் வீட்டில் வளர்ந்த இளையோருக்காக 1997இல் நீலச் சிலுவைச் சங்கம் தொடங்கிய இலவச ஆலோசனை அமைப்பு அது. அங்கே போனபின்தான், வீட்டில் நடந்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று தனக்கு விளங்கியதாகச் சொன்னாள். நான் அவளிடம் போய், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது வேறு. அவள் சொன்னாள்: "அப்பா, உங்கட போனை நீங்களே எடுத்துக் கதையுங்கோ."

அதன் பொருள் முழுதாக எனக்கு ஏற மாதங்கள் ஆயின. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் வயதிலும் என் வரிக் கடிதத்தை அவள்தான் வாசித்தாள். என் டொக்டர் நேரத்தை அவள்தான் எடுத்தாள். என் குரலாக இருப்பதை அவள் ஒன்பது வயதில் தொடங்கியிருந்தாள். நான் குடியை விட்டபிறகும் அந்த வேலையிலிருந்து அவளை விடுவிக்கவில்லை. ஆகவே தலை நரைத்தபின் டேனிஷ் மொழி வகுப்பில் சேர்ந்தேன். 2014 முதல் இங்கே அரசாங்கக் கடிதங்களெல்லாம் டிஜிட்டல் தபாலில்தான் வருகின்றன. அகராதியை வைத்துக்கொண்டு அவற்றை நானே திறந்து வாசிக்கிறேன். கொமூனுக்கு நானே அழைக்கிறேன். பிழையாகப் பேசுகிறேன், திருப்பிக் கேட்கிறார்கள், திருப்பிச் சொல்கிறேன். எனக்காக அவள் இனி ஒரு வார்த்தையும், உண்மையோ பொய்யோ, யாரிடமும் பேசவேண்டியதில்லை. அவள் கேட்டது அவ்வளவுதான், நான் அவளுக்கு ஒழுங்காகச் செய்து முடித்ததும் அது ஒன்றுதான்.

அறை நண்பரிடம் முதலும் வட்டியுமாகக் காசைக் கொண்டுபோனேன். வாசலில் நின்றபடியே எண்ணிப் பார்த்து வாங்கினார். "காசுக் கணக்கு முடிஞ்சுது. மற்றது முடியாது" என்றார். முகாமில் சந்தித்த நாள் முதல் என்னை மச்சான் என்று கூப்பிட்டவர், அன்று அப்படிக் கூப்பிடவில்லை. எங்காவது கண்டால் இப்போதும் விலகித்தான் போகிறார். அவர் மன்னிக்கவேண்டும் என்று நான் யாரையும் தூது விடவில்லை. மன்னிப்பு அவருடைய சொத்து. அதையும் நான் கேட்டு வாங்கிவிட்டால், அவரிடம் இன்னொன்றையும் எடுத்தவனாவேன்.

இந்த நாட்டில் ஓர் அரசாங்கத்தை வீழ்த்தியது, கோப்புகளை நிறுத்தியது மட்டுமல்ல. எதையும் மறைக்கவில்லை என்று சொன்ன பொய்யும்தான். என் விஷயத்திலும் அப்படித்தான். குடித்த காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குடியை மறைக்கச் சொன்ன பொய்களோ என்னை விட்டு எத்தனையோ வீடுகளுக்குப் போயிருந்தன; போன இடமெல்லாம் ஒருவரின் பேரைக் கெடுத்தன. மனைவி ஊதாரியானார், உண்டியல்காரர் கள்ளனானார், ஒரு சின்னப் பிள்ளை பொய்க்காரியானாள். நான் மட்டும் நல்லவனாக அமைச்சரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே ஈடுசெய்வது என்றால், பொய் எந்தெந்தக் காதுக்குப் போனதோ அந்தந்தக் காதுக்கெல்லாம் உண்மையையும் என் வாயாலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதை நான் பிந்திப் படித்தேன்.

குடியை விட்டுவிட்டு, அல்லது விட முயன்றுகொண்டு, இதை வாசிக்கிற என் வயது ஆட்களுக்கு ஒன்று சொல்வேன். கிளினிக்குக்குப் போங்கள், அதில் வெட்கம் இல்லை. உடம்பு தெளிந்தபின் வீட்டாரின் காலில் விழாதீர்கள். அவர்கள் உங்களைத் தேற்றி ஏற்கெனவே களைத்துப் போனவர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள், சொல்லும்வரை பொறுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். ஒன்றும் வேண்டாம், விட்டுப் போ என்றால், விட்டுப் போவதுதான் அவர்கள் கேட்ட ஈடு.

இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று மனைவியிடமும் மகளிடமும் கேட்டேன். மகள் தன்னைப் பற்றிய பகுதியில் ஒரு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மனைவி ஒரு வசனம் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: 1987க்கும் 1989க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் என் மனைவி எந்தக் காசையும் வீணாக்கவில்லை, வீணாக்க அவரிடம் காசே இருக்கவில்லை.

உண்டியல்காரர் மட்டும் மிச்சம். அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் பல காலமாயிற்று. இலக்கத்தை இப்போதுதான் தேடிப் பிடித்திருக்கிறேன். தன் பேரைக் கெடுத்தது யார் என்பதை அவர் ஒரு பத்திரிகையில் வாசித்து அறியக்கூடாது. இது வெளிவரும் முன் அவருக்கு நானே அழைத்துச் சொல்லவேண்டும். பிறகு, அந்த நாட்களில் அவரைப் பற்றி நான் யார் யாரிடம் சொன்னேனோ, அவர்களுக்கும்.